பூனை ரத்தத்தை மனித லேப்பில் கொடுத்து, பிளேட்லெட் 31,000 என்று பயமுறுத்தினார்கள்

சென்னையில் பூனை, நாய் வளர்ப்பவர்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள். கிளினிக்கின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இது ஒரு கிளினிக்கோடு முடிகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் பூனை சுண்டுவுக்கு இரண்டு வயது. கருத்தடை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள், சரி, நியாயம்தான். வாசலில் 'நவீன லேப் வசதி' என்று போர்டு, ரத்தப் பரிசோதனைக்கு 1,400 ரூபாய் பில். இரண்டு காலிலும் மாற்றி மாற்றிக் குத்தி, சொட்டுச் சொட்டாக ஊதா மூடி ட்யூபில் கால்வாசிகூட நிரம்பாத ரத்தத்தை எடுத்தார்கள். சாயங்காலம் போன் வந்தது. பிளேட்லெட் 31,000, வெள்ளையணு 26,000, ரத்தசோகை வேறு, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இல்லையென்றால் உடம்பே பிளேட்லெட்டை அழிக்கிறது, இன்னும் குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும், தானம் கொடுக்கிற பூனையோடு சேர்த்து 12,000 ஆகும்.

டெங்கு பார்த்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், பிளேட்லெட் எண்ணைக் கேட்டதும் வயிறு எப்படிக் கலங்கும் என்று. அங்கே பாயின் மேல் சுண்டு பல்லிக்குப் பாய்ந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, அது என் முட்டாள்தனம். ஸ்டீராய்டு, இரும்புச்சத்து டானிக், டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூல் எல்லாம் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் அவளுக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது, மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கிளினிக்கில் கேட்டால், நோய் முற்றுகிறது, திரும்ப ரத்தம் பார்க்கலாம் என்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரிதான் அந்த எஸ்எம்எஸ் கண்ணில் பட்டது. 'மிஸ் சுண்டு, உங்கள் ரிப்போர்ட் தயார்.' அனுப்பியது கிளினிக் இல்லை, அடுத்த தெருவில் மனிதர்களுக்கு ரத்தம் பார்க்கிற ஒரு லேப். லிங்க்கைத் திறந்தால் வயது 2, பாலினம் பெண், ஹீமோகுளோபின் 10.2, பக்கத்தில் பெண்களுக்கு 12 முதல் 15 வரை என்று போட்டு, குறைவு என்பதற்கு ஒரு நட்சத்திரம். ஒரு சிவப்பணுவின் பருமன் 43, இருக்க வேண்டியது 80 முதல் 100, அதற்கும் ஒரு நட்சத்திரம். பூனையை ஒரு பெண்பிள்ளையோடு ஒப்பிட்டு நோய் கண்டுபிடித்திருக்கிறார்கள்! அந்தப் பரிசோதனைக்கு அங்கே விலை 350 ரூபாய்.

மறுநாள் காலையிலேயே வேறு ஒரு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் ஒரே குத்தில் ரத்தம் எடுத்து, ட்யூபைக் கோடு வரை நிரப்பி மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார். ஒரு சொட்டை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் இழுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து, "வந்து பாருங்க" என்றார். சொட்டை இழுத்து முடித்த ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ஒட்டாத இடத்தில் எண்ணியபோது, மைக்ராஸ்கோப்பில் தெரிகிற ஒரு வட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு இருந்தன. வட்டத்தில் ஒன்று இருந்தால் தோராயமாக 15,000 என்று கணக்காம். அப்படிப் பார்த்தாலே ஒன்றரை லட்சத்துக்கு மேல், கொத்தாகக் கிடப்பதைச் சேர்த்தால் இன்னும் அதிகம். மெல்லிய குழாயில் ரத்தத்தைச் சுழற்றிப் பார்த்ததில் சிவப்பணு 31 சதவீதம், பூனைக்கு அது போதும் என்றார். வெள்ளையணுவும் சரியாகவே இருந்தது.

அப்புறம் 31,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ரத்த அணுக்களை எண்ணுகிற சாதாரண கவுண்ட்டர் மெஷினுக்கு அணுவின் முகம் தெரியாது, அளவுதான் தெரியும். சின்ன ஓட்டை வழியே அணுக்கள் போகும்போது மின்சாரத்தில் ஏற்படுகிற தடையை வைத்து, சின்னது பிளேட்லெட், பெரியது சிவப்பணு என்று பிரிக்கும். பிரிக்கிற எல்லை மனித ரத்தத்துக்கு வைத்தது. பூனையின் சிவப்பணு அளவில் மனிதனுடையதில் பாதிதான், பிளேட்லெட்டோ பெரிது, இரண்டும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நிற்கும், மெஷினால் சரியாகப் பிரிக்க முடியாது. போதாததற்கு, பூனையின் பிளேட்லெட் ட்யூபுக்குள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், அதிலும் குத்திக் குத்தி எடுத்த ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒட்டிய கொத்தை மெஷின் பிளேட்லெட்டாக எண்ணாது. பெரிய கொத்தாக இருந்தால் வெள்ளையணு என்றுகூட எண்ணிவிடும். பிளேட்லெட் குறைந்ததும் வெள்ளையணு ஏறியதும் ஒரே கோளாறு! ஆட்டு ரத்தத்தை அதே மெஷினில் போட்டால் சிவப்பணுவையே பிளேட்லெட் கணக்கில் எழுதிவிடும், அது இன்னும் சின்னது. பூனைக்கென்று செட்டிங் உள்ள கால்நடை மெஷினும் கொத்து விழுந்த ரத்தத்தில் ஏமாறும் என்றார், அதனால்தான் பூனைக்குக் குறைந்த எண் வந்தால் ஸ்லைடு பார்க்காமல் அவர் வாயே திறப்பதில்லையாம்.

எச்சில் ஒழுகியது நோயால் இல்லை. டாக்ஸிசைக்ளினைப் பூனைக்கு வெறுமனே விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், கொடுத்ததும் சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் விட வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக் குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கிறேன். எனக்கு ஆறவே இல்லாதது இதுதான், பணம்கூட இல்லை.

பழைய கிளினிக்கில் போய்க் கேட்டதற்கு, "எங்க மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கு சார், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார்கள். 1,400க்கான பில்லில் அவர்கள் லேப்பின் பெயர்தான் இருக்கிறது. அந்த லேப் ரிப்போர்ட்டை எதிரில் வைத்துக் காட்டிய பிறகு 700 திருப்பித் தந்தார்கள்.

ரத்தம் எந்த மெஷினுக்குப் போகிறது என்று கொடுக்கும் முன்பே கேளுங்கள். போனில் சொல்கிற எண்ணை நம்பாமல் முழு ரிப்போர்ட்டை வாங்கி, பக்கத்தில் இருக்கும் அளவு பூனைக்கா மனுஷிக்கா என்று பாருங்கள். பிளேட்லெட் குறைவு என்றால் ஸ்லைடு பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள், முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள்.

சுண்டுவுக்குப் போன வாரம் ஆபரேஷன் முடிந்தது, தையல் நன்றாக ஆறுகிறது, ஆனால் சோற்றை இன்னும் மசித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. நேற்று அந்த லேப்பிலிருந்து இன்னொரு எஸ்எம்எஸ். மிஸ் சுண்டுவுக்கு முழு உடல் பரிசோதனையில் 30 சதவீதம் தள்ளுபடியாம்.