2 ஜிபி சர்வரில் ஐந்து ஆண்டுகள்: ரெடிஸ் அனுபவம்

பழைய நூல்களின் விவரப்பட்டியல் தளம் ஒன்றை 2 ஜிபி நினைவகம் கொண்ட சர்வரில் நடத்திவருகிறேன். பக்கங்களை உருவாக்க பிஎச்பி, தரவுத்தளமாக மைஎஸ்க்யூஎல், இரண்டுக்கும் நடுவே ஐந்து ஆண்டுகளாக ரெடிஸ் என்ற, தரவை நினைவகத்திலேயே வைத்து உடனே எடுத்துத் தரும் மென்பொருள். முகப்புப் பக்கத்துக்கு மட்டும் தரவுத்தளத்தில் ஒன்பது வினவல்கள் ஓடும். அந்தப் பக்கத்தை ஒருமுறை உருவாக்கி ரெடிஸில் வைத்ததும் சட்டென்று திறந்தது. அந்த உற்சாகத்தில் எல்லாப் பக்கங்களையும் இப்படி கேஷில், அதாவது ஆயத்த நகல்களுக்கான தற்காலிகச் சேமிப்பில், போட்டேன். அதுதான் தவறு.

தேடல் பக்கத்தில் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், வரிசை என நான்கு வடிகட்டிகள். அவற்றின் ஒவ்வொரு சேர்க்கையும் கேஷில் தனிச் சாவி, அதாவது தனிப் பெயரில் சேமித்த ஒரு பதிவு. வாசகர்கள் திறப்பது அவற்றில் சிலவற்றைத்தான். தேடுபொறிகளின் தானியங்கிகளோ ஒன்றுவிடாமல் திறக்கும். பிறகு யாருமே கேட்காத பக்கங்கள் நினைவகத்தில் குவிந்தன. 64-பிட் ரெடிஸுக்கு நாமாக வைக்காதவரை வரம்பு கிடையாது. ஒரு விடியற்காலையில் நினைவகம் தீர்ந்தது. அந்த நேரத்தில் அதிக இடம் பிடித்திருந்த மைஎஸ்க்யூஎல்லை லினக்ஸ் நிறுத்திவிட்டது. வளர்ந்துகொண்டே போய் மிச்ச இடத்தை அடைத்தது ரெடிஸ், விழுந்தது தரவுத்தளம்.

உடனே 256 எம்பி வரம்பு வைத்தேன். இரண்டே நாளில் வேறு தொல்லை: இயல்பான அமைப்பில் ரெடிஸ் நிரம்பினால் பழையதைக் கழிக்காது, புதிதாக எழுதுவதை மறுத்துப் பிழை காட்டும். ‘வாலட்டைல்-எல்ஆர்யூ’ என்று மாற்றிய பிறகே, காலக்கெடு வைத்த சாவிகளில் நெடுநேரம் தொடப்படாதவை வெளியேறத் தொடங்கின.

உண்மையான பலன் கிடைத்தது அதற்கும் பிறகுதான். வடிகட்டிப் பக்கங்களை கேஷில் வைப்பதையே நிறுத்தினேன். மிஞ்சிய நினைவகத்தை, மைஎஸ்க்யூஎல் தன் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பகுதியான இன்னோடிபி பஃபர் பூலுக்குக் கொடுத்து, இயல்பான 128 எம்பியை 512 ஆக உயர்த்தினேன். தேவையான இடங்களில் கூட்டு இன்டெக்ஸ் (பல புலங்களைச் சேர்த்துத் தேட உதவும் அகரவரிசை போன்ற குறிப்பு) போட்டேன். அட்டவணைகள் முழுவதும் நினைவகத்துக்குள் அடங்கின. டிஸ்க்கைத் தொடாமலே வினவல்கள் முடிந்தன. கேஷ் இல்லாமலே தேடல் பக்கம் போதிய வேகத்தில் வருகிறது. பெயர்ப் பிழை ஒன்றைத் திருத்தினால் அடுத்த நொடியே தெரிகிறது. முன்பு அதற்காக எந்தெந்தச் சாவிகளை அழிப்பது என்று தேடி அலைந்திருக்கிறேன்.

கேஷில் இன்று இருப்பவை முகப்பும், கணக்கிடக் கடினமான சில துண்டுகளும்தான். இதற்கு மட்டும் என்றால், கேஷுக்கென்றே உள்ள எளிய மென்பொருளான மெம்கேஷ்டையே பரிந்துரைப்பேன். அது 64 எம்பி வரம்புடனே வருகிறது, நிரம்பினால் பழையதைத் தானே கழிக்கிறது. ஆனால் வாரந்தோறும் அதிகம் பார்க்கப்பட்ட நூல்களின் வரிசையை மதிப்பெண்படி தானே வரிசைப்படுத்திக்கொள்ளும் ரெடிஸின் ‘சார்ட்டட் செட்’டில், காலக்கெடு இல்லாமல் வைத்திருக்கிறேன். அந்த ஒன்றுக்காகவே ரெடிஸை விடவில்லை.