மலையேற்ற ஜாக்கெட்டும் டாக்டிக்கல் பேன்ட்டும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

விலை உயர்ந்த மழை ஜாக்கெட் கையில் கிடைத்தால் முதலில் அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். வெளிப்பக்கம் எல்லா ஜாக்கெட்டும் அழகுதான். உள்ளே ஒவ்வொரு தையலின் மேலும் தண்ணீர் நுழையாமல் ஒரு டேப் ஒட்டியிருப்பார்கள். மலிவானதில் அது விரலகலம் இருக்கும், வளைவுகளில் சுருக்கம் விழுந்திருக்கும். சிலவற்றில் தோளிலும் தொப்பியிலும் மட்டும் டேப் இருக்கும், பக்கத் தையல்கள் வெறுமனே கிடக்கும். நல்ல ஜாக்கெட்டில் டேப் ஒடுங்கலாக, சுருக்கமில்லாமல் ஓடும். ஒடுங்கிய டேப் ஒட்ட வேண்டுமானால் தையல் விளிம்பை ஒட்ட நறுக்க வேண்டும். மிஷின் பிடிப்பவர் கை கொஞ்சம் நழுவினாலும் அந்தத் துண்டு வீண். கூடுதல் விலையில் நியாயமான பங்கு இந்த வேலைக்குத்தான் போகிறது.

துணியின் எண்களை அவ்வளவு நம்ப வேண்டாம். 20,000 மி.மீ. என்று போட்டிருந்தால், 20 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைப் புதுத் துணி தாங்கியது என்று பொருள். மழைக்கு 10,000 போதும். பை வார் தோளை அழுத்தும் இடத்துக்கும், ஈரத்தில் முட்டி போடுவதற்கும் அதற்கு மேல் இருந்தால் நல்லது. வியர்வை ஆவி வெளியேறும் அளவு என்று கிராமில் போடும் எண் இன்னும் வழுக்கலானது. சோதனை முறையை மாற்றினால் அதே துணிக்கு வேறு எண் வரும். ரெட் (RET) என்ற அளவு, அதாவது ஆவி வெளியேறுவதைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்பது, கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். அது குறையக் குறைய நல்லது, 6-க்குக் கீழே இருந்தால் அருமை. ஆனாலும் ஏற்றத்தில் கொட்டும் வியர்வைக்கு எந்த மெம்பிரேனும் (தண்ணீரைத் தடுத்து ஆவியை விடும் உள் படலம்) ஈடுகொடுக்காது. அக்குளில் திறக்கும் நீள ஜிப் அதைவிட அதிக வேலை செய்யும்.

“இவ்வளவு காசு கொடுத்தும் ஒழுகுகிறதே” என்ற புகார் பலவற்றில் ஒழுகலே இல்லை. மெம்பிரேனுக்கு வெளியே இருக்கும் துணியில் தண்ணீரை முத்துமுத்தாக உருட்டிவிடும் ஒரு பூச்சு உண்டு. அழுக்கு, உடல் எண்ணெய், சோப்பு எச்சம் எல்லாம் சேர்ந்து அதை மூடிவிட்டால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். பிறகு ஆவி வெளியேற வழியில்லை, உள்ளே குளிர்ந்து நீராகிறது. உடம்பு நனைவது சொந்த வியர்வையில். இதற்கு வைத்தியம் உண்டு: ஜிப்புகளையெல்லாம் மூடி, இதற்கென்று விற்கும் திரவ சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசி, உலர்ந்ததும் டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் மட்டும். தண்ணீர் மறுபடி உருண்டு ஓடும். ஓடாவிட்டால் பூச்சைப் புதிதாகத் தெளிக்கலாம். துணி மென்மையாக்கும் திரவத்தை மட்டும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். தீங்கு விளைவிக்கும் ஃபுளோரின் சேர்மங்களைக் கைவிட்ட புதிய பூச்சுகள் எண்ணெயைத் தடுப்பதில் பழையவற்றுக்குச் சமமில்லை. அதனால் இப்போது துவைப்பதில் சோம்பல் கூடாது.

டாக்டிக்கல் பக்கம், அதாவது ராணுவ, போலீஸ் பாணி உடைகளின் பக்கம் வருவோம். இந்த வகையில் மிகப் பிரபலமான பிராண்டான 5.11-இன் பெயரே பாறையேற்றத்தில் கடினத்தைக் குறிக்கும் எண். அந்தப் பேன்ட் ஏறுபவர்களுக்காகத் தைக்கப்பட்டது, எஃப்.பி.ஐ. பயிற்சி அகாடமி பிறகுதான் எடுத்துக்கொண்டது. நல்ல டாக்டிக்கல் பேன்ட்டில் காசுக்குப் பெறுமானம் இன்றும் அந்த ஏறும் வெட்டில்தான். கவட்டில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் உட்கார்ந்து எழும்போதெல்லாம் இழுவிசை முழுவதும் அந்தப் புள்ளியில் விழும், முதலில் பிரிவதும் அங்கேதான். அங்கே சாய்சதுரத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்திருந்தால் இழுவை பரவிவிடும். முட்டியில் முன்கூட்டியே வளைவு கொடுத்த வெட்டு, பாக்கெட் முனைகளிலும் பெல்ட் வளையங்களிலும் நெருக்கமான பார்டேக் (இழுபடும் இடத்தில் திரும்பத் திரும்பப் போடும் குறுந்தையல்), இவை இருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம். கடையிலேயே முழுக்கக் குந்தி உட்காருங்கள். பின் இடுப்பு கீழே இறங்கினால் அந்த வெட்டு உங்களுக்கு ஆகாது.

ஆனால் போர்க்களத் தேவைக்கென்று ஏற்றிய விலை வேறு கதை. இரவுக் காட்சிக் கருவியில் பளிச்சென்று தெரியாதபடி சாயம் ஏற்றிய துணி நடைப்பயணத்துக்கு எதற்கு? எளிதில் தீப்பிடிக்காத ரேயான் கலந்த துணி தீக்கு நல்லது, ஆனால் முள்ளிலும் பாறையிலும் சாதாரண நைலான்-பருத்திக் கலப்பைவிடச் சீக்கிரம் கிழியும். காம்பாட் சட்டையின் உடல் பகுதி மெல்லிய பனியன் துணி, கைகள் தடித்த துணி. கவச உடைக்கு உள்ளே போடுவதற்காக அப்படிச் செய்தார்கள். கவசம் இல்லாமல் போட்டால் முதுகில் பை உரசி மெல்லிய பகுதிதான் முதலில் நைந்துபோகும். பாதி நைலான் பாதி பருத்தி ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாமல் இடையிடையே தடித்த நூல் கட்டமாக நெய்த துணி) உறுதியானது, தீப்பொறி பட்டால் முழு நைலான்போல உருகி ஒட்டாது. நனைந்தால் மட்டும் காய நேரம் எடுக்கும். மழைக்காட்டுக்கு மெல்லிய முழு நைலானே மேல்.

ஜிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல் மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டால் பல் போகவில்லை, ரன்னர் தேய்ந்து வாய் அகன்றிருக்கிறது. ரன்னரை மட்டும் மாற்றினால் போதும், முழு ஜிப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒய்.கே.கே. ஜிப்பில் ரன்னரின் பின்புறம் அளவு எண் இருக்கும்: 3 பாக்கெட்டுக்குச் சரி, ஜாக்கெட்டின் முன்பக்க ஜிப்புக்கு 5 இருந்தால் நிம்மதி.

ஃபிலீஸ், டி-ஷர்ட், தொப்பிக்கெல்லாம் பெரிய பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். மெரினோ கம்பளிக்குக் கொடுக்கலாம், எளிதில் நாற்றம் பிடிக்காது. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள மெல்லிய துணியில் தோள் வார் உரசி ஓட்டை விழும் என்பது தெரிந்தே வாங்குங்கள்.

பழைய ஜாக்கெட் மலிவாகக் கிடைத்தால் உள்பக்கத்தை விரலால் தேயுங்கள். பிசுபிசுத்தாலோ வெள்ளையாகச் செதில் உதிர்ந்தாலோ உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிட்டது. அலமாரியில் மடித்து வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் அது கெடும், துவைத்தாலும் திரும்பாது. டேப் மட்டும் உரிந்திருந்தால் புது டேப் ஒட்டித் தேற்றிவிடலாம்.