பழைய கம்ப்யூட்டருக்கு 'செக்யூரிட்டி' போட 6,800 ரூபாய்: ஏமாறாதீங்க

6,800 ரூபாய். பூட்டு போட்டுத் தரேன்னு வாங்கிக்கிட்டு, இருந்த பூட்டையும் கழட்டி அனுப்பியிருக்காங்க. நேத்து ராத்திரிதான் மாமாவோட மெஷினைத் திறந்து பார்த்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கலை. கடை பேரை எழுதப் போறதில்லை. யுபிஎஸ் பேட்டரி, பிரிண்டர் இங்க், லேப்டாப் சர்வீஸ் மூணையும் ஒரே போர்டுல எழுதி வெச்சிருக்கிற கடை. உங்க தெருமுனையிலயும் ஒண்ணு இருக்கும்.

மெஷின் 2014-ல வாங்கினது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அப்புறமா ஏத்தின ஒரிஜினல் விண்டோஸ் 10 ஹோம். மாமா அதுல பென்ஷன் அக்கவுண்ட் பார்ப்பார், கரண்ட் பில் கட்டுவார், பேரன்கிட்ட வீடியோல பேசுவார். அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதுன்னு திரையில வந்த அறிவிப்பைப் பார்த்துட்டு, கார்த்திகைக் கடைசி வாரம் சிபியுவைத் தூக்கிக்கிட்டு கடைக்குப் போயிருக்கார்.

ஏழு வருஷமா அவர் வீட்டு யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாத்தின கடை அது. சேர் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "சார், இனிமே இதுல பேங்க் பக்கம் போனீங்க, பணம் மொத்தமா காலி. வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். உங்களுக்காகத்தான் இந்த ரேட்"னு கடைக்காரன் சொல்லியிருக்கான். மாமா பாஸ்வேர்டைக்கூட ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கார்.

அவன் சொன்னதுல பாதி உண்மை, அதுதான் வயித்தெரிச்சல். சப்போர்ட் முடிஞ்ச விண்டோஸ்ல புது ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் கிடையாது. 2017 மே மாசம் வான்னாகிரைன்னு ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கிற வைரஸ் உலகத்தையே ஆட்டினப்ப, அது புகுந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச்லயே வந்திருந்தது. போடாம விட்ட மெஷின்கள்தான் மாட்டினது. ஆனா அவன் மறைச்ச மீதிப் பாதி என்னன்னா, விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட் வீட்டு மெஷின்களுக்கும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி, செட்டிங்ஸை பேக்கப் பண்ண சம்மதிச்சா பைசா கிடையாது. அதுல சம்மதம் இல்லைன்னா 30 டாலர், ஒரே தடவை, அதே அக்கவுண்ட்ல பத்து மெஷின் வரைக்கும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல 'என்ரோல் நவ்'னு நிக்கும். விண்டோஸ் 10-ஓட கடைசி வெர்ஷனான 22எச்2-ல இருக்கணும், அட்மின் அக்கவுண்ட்டா இருக்கணும். பத்து நிமிஷ வேலை, சும்மா. இதுக்குத்தான் 6,800.

துண்டுச் சீட்டுல கணக்கு இப்படி இருக்கு: விண்டோஸ் 11, 2,500. மூணு வருஷ ஆன்டிவைரஸ், 2,300. 'செக்யூரிட்டி செட்டிங்', 2,000. கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை.

ஒவ்வொண்ணா பார்ப்போம். விண்டோஸ் 11 கேக்கறது எட்டாம் தலைமுறை பிராசஸர், டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப். இந்த மெஷின்ல ரெண்டும் இல்லை. அந்த சோதனையைத் தட்டிவிட்டு பென்டிரைவ் தயாரிக்கிற ரூஃபஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதை வெச்சு ஏத்தியிருக்கான். அதுகூடப் போகட்டும். வெர்ஷன் என்னன்னு பார்க்க 'வின்வர்'னு (winver) ரன் பெட்டியில அடிச்சேன். 23எச்2-ன்னு வந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. விண்டோஸ் 11-ல ஹோம், புரோ ரெண்டுக்கும் 23எச்2 சப்போர்ட் 2025 நவம்பர் 11-லயே முடிஞ்சு போச்சு! எப்பவோ இறக்கி பென்டிரைவ்ல வெச்சிருந்த பழைய காப்பி. தகுதி இல்லாத மெஷினுக்கு அடுத்த பெரிய வெர்ஷன் தானா வராது, கையால ஏத்தணும். சப்போர்ட் முடிஞ்சதுன்னு பயமுறுத்தி, சப்போர்ட் முடிஞ்ச இன்னொண்ணைத் தலையில கட்டியிருக்கான்.

லைசென்ஸ் கதை இன்னும் மோசம். கமாண்ட் பிராம்ப்ட்ல எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, ஸ்லாஷ் போட்டு எக்ஸ்பிஆர்னு (slmgr /xpr) அடிச்சா, ஒழுங்கா வாங்கின விண்டோஸ் 'நிரந்தரமா ஆக்டிவேட் ஆயிருக்கு'ன்னு சொல்லும். இங்க ஒரு முடிவுத் தேதி வந்தது. ஆபீஸ்கள் மொத்தமா வாங்குற வால்யூம் கீயைப் போட்டு, 180 நாள் மட்டும் செல்லுற ஆக்டிவேஷனைத் தானா புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிற திருட்டு ஆக்டிவேட்டரைப் பின்னாடி ஓட விட்டிருக்கான். விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இந்த ஆக்டிவேட்டரைப் பார்த்தா பிடிச்சுத் தூக்கிடும். அதுக்கு அவன் பண்ணின வேலையைப் பாருங்க: விண்டோஸ் செக்யூரிட்டியில 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியல்ல ஒரே ஒரு வரி. சி டிரைவ். மொத்த சி டிரைவும்! அதுக்குள்ள எது வந்து உட்கார்ந்தாலும் பார்க்காதேன்னு அர்த்தம். அப்டேட் வந்து இந்த வித்தையைக் கலைச்சிடக் கூடாதுன்னு சர்வீசஸ் பட்டியல்ல விண்டோஸ் அப்டேட்டை 'டிஸேபிள்டு' பண்ணி வெச்சிருக்கான். அந்த 2,000 ரூபா 'செக்யூரிட்டி செட்டிங்' இதுதான் போல.

மூணு வருஷ ஆன்டிவைரஸ்? முப்பது நாள் ட்ரையல். போகி அன்னிக்கு சிவப்பு எழுத்துல 'எக்ஸ்பயர்டு'ன்னு வந்து நின்னிருக்கு. மாமா அதைப் பார்த்துதான், "மாப்ள, இது என்னன்னு வந்து பாரேன்"னு என்னைக் கூப்பிட்டார்.

கடைசியில பார்த்ததுதான் வயித்தைக் கலக்கிடுச்சு. எனிடெஸ்க்னு தூரத்துல இருந்து மெஷினை இயக்குற மென்பொருள், விண்டோஸோட சேர்ந்தே கிளம்புற மாதிரி இன்ஸ்டால் ஆயிருக்கு, 'அன்அட்டெண்டட் அக்சஸ்' டிக் பண்ணி பாஸ்வேர்டும் வெச்சிருக்கு. இந்தப் பக்கம் யாரும் 'அக்செப்ட்' அழுத்த வேண்டாம், பாஸ்வேர்டு தெரிஞ்சவன் எங்கிருந்தும் உள்ளே வரலாம். பென்ஷன் அக்கவுண்ட் ஓடுற மெஷின்ல. பணம் எதுவும் போகலை, ஸ்டேட்மெண்ட் முழுக்கப் பார்த்துட்டேன். டெஸ்க்டாப்ல வெச்சிருந்த பட்டா ஸ்கேன் மட்டும் சி டிரைவை ஃபார்மட் பண்ணினதுல போச்சு. கேக்கவே இல்லை.

மாமா ட்ரையல் முடிஞ்சதும் போய்க் கேட்டிருக்கார். "ஓனர் சபரிமலை போயிருக்கார், வந்ததும் பாருங்க." ரெண்டு நாள் கழிச்சு: "அது ஆன்டிவைரஸ் கம்பெனி பிரச்சினை சார், நாங்க என்ன பண்றது?" கீ எங்கன்னு கேட்டா, "மெயில்ல வரும்." இன்னிக்குக் காலையில நான் போன் பண்ணினேன். அப்டேட்டை ஏன் அணைச்சேன்னு கேட்டதுக்கு, "அப்டேட் ஓடினா மெஷின் ஸ்லோவாயிடும், பெரியவர் கஷ்டப்படுவார்னுதான்." எனிடெஸ்க்? "அவர் அடிக்கடி கூப்பிடுவார் சார், உதவிக்குத்தான்." 6,800-ஐத் திருப்பிக் கொடுன்னா, "பணம் திருப்பித் தர்ற பழக்கம் இல்லை. அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாம்." அடுத்த சர்வீஸாம்!

இப்ப ஓடுற வேலை: விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி, டி டிரைவ்ல இருந்த போட்டோ, டாக்குமென்ட் மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு எடுத்தாச்சு. செட்டப் ஃபைல் ஒண்ணையும் எடுக்கலை. அடுத்து 8 ஜிபி பென்டிரைவ்ல மைக்ரோசாஃப்ட் தளத்துலயே இறக்கின விண்டோஸ் 10, டிஸ்க்ல இருக்கிற எல்லாப் பார்டிஷனையும் அழிச்சுட்டு. 'ரீசெட் திஸ் பிசி' பத்தாது, அது இந்தத் திருட்டு விண்டோஸ் 11-ஐயேதான் திரும்பப் போடும். கீ கேட்டா 'என்கிட்ட இல்லை'ன்னு கொடுத்து ஹோம் எடிஷனையே தேர்ந்தெடுக்கணும். மதர்போர்டு மாறாத வரை, நெட் கிடைச்சதும் பழைய டிஜிட்டல் லைசென்ஸ் தானா வந்து ஒட்டிக்கும். மாமா தப்பா புரோவைத் தொட்டுடக் கூடாதேன்னு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்.

விரிவா வழிகாட்டி மாதிரி எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்லை. சுருக்கமா:

கடையில இருந்து மெஷின் வந்ததும் மூணு இடம் பாருங்க: எக்ஸ்க்ளூஷன்ஸ், அப்டேட் ஹிஸ்டரி, ஸ்டார்ட்அப்ல ரிமோட் மென்பொருள்.

பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்திருந்தா இப்பவே மாத்துங்க. அந்த மெஷின்ல இல்லை, போன்ல.

விண்டோஸ் 7 இன்னும் ஓட்டுறவங்க: குரோம் உங்களுக்கு 109-லயே நின்னு போச்சு. அதுல பேங்க் வேண்டாம். டேலி, பிரிண்ட் மாதிரி வேலைக்கு வெச்சுக்கிட்டு நெட் வயரைப் பிடுங்கிடுங்க.

2026 அக்டோபருக்கு அப்புறம் இதே மெஷின்ல லினக்ஸ் மின்ட்டோட லேசான எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போடலாம், 4 ஜிபி ரேம் தாராளம். ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்க, வேகத்துக்குச் செய்யுற செலவு அது ஒண்ணு போதும்.

அக்கவுண்ட்ல பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. கடை மேல புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915, ஆனா கையில ஒழுங்கான பில் இருந்தா நல்லது. துண்டுச் சீட்டை வாங்கிக்கிட்டு வராதீங்க.

ஆன்டிவைரஸ்னு காசு கொடுத்தா டப்பாவைக் கேளுங்க, கீயை உங்க கண் முன்னாடி சுரண்டச் சொல்லுங்க. மாமாவுக்கு டப்பாவே தரலை.