தவளைத் தோலா, மண் பாக்டீரியாவா?

பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிக்கு எதிராக இயற்கை தந்த இரண்டு பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்): மகைனின், கோலிஸ்டின்.

மகைனின் ஆப்பிரிக்க நகத் தவளையின் தோலில் இருப்பது. அறுத்துத் தைத்த தவளைகளை அழுக்குத் தொட்டியில் விட்டாலும் புண் சீழ் பிடிக்காமல் ஆறுவதை ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் கவனித்தார். 1987இல் மகைனினைப் பிரித்தெடுத்தார். என்ன அழகான துப்பு! ஆனால் அதிலிருந்து உருவான பெக்ஸிகனான் களிம்புக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

கோலிஸ்டின் மண் பாக்டீரியா தருவது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சரி, ஆனாலும் ஐ.சி.யூ.வில் வேறு எதுவும் கேட்காதபோது கை கொடுப்பது இதுதான். இன்றைக்கு என் ஓட்டும் இதற்கே. இதைப் போய்ப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்தது பெரிய தவறு. கிருமிகளிடையே கோலிஸ்டின் எதிர்ப்பைப் பரப்பும் எம்.சி.ஆர்-1 மரபணு 2015இல் சீனாவில் தெரியவந்தது. இந்தியா 2019இல் கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டினைத் தடை செய்தது.