மதுரையில் ராத்திரி பத்து மணிக்கு மேல்: தென்கரையா, வடகரையா?

தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு பீபிகுளம். கடை அடைத்து, கல்லாவைச் சரிபார்த்து, வண்டியைக் கிளப்ப மணி பத்தாகிவிடும். சிம்மக்கல் தாண்டி வைகை மேலிருக்கும் ஏ.வி. பாலம் ஏறி, கோரிப்பாளையத்தில் இறங்கித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே இருபது வருஷமாகத் தினமும் எனக்கு ஒரே கேள்வி. பாலத்துக்கு இந்தப் பக்கமே சாப்பிட்டுவிட்டுப் போவதா, தாண்டிப் போய்ச் சாப்பிடுவதா?

1889-ல் கட்டி முடித்த இந்த ஆல்பர்ட் விக்டர் பாலம் ரெண்டு ஊரைச் சேர்த்து வைத்திருக்கிறது என்றே எனக்குப் படும். வடகரையில் இருப்பவர்கள் ஆற்றைத் தாண்டுவதை இன்னமும் ‘டவுனுக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்கள். ரெண்டும் ஒரே மாநகராட்சி. ஆனால் இரவுப் பசி ரெண்டு கரையிலும் ஒன்று கிடையாது.

தென்கரையில் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிக்குள் வீதி. அத்தனையும் வியாபாரம். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை, கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி, விளக்குத்தூண் சுற்றி ஜவுளி. கடை அடைத்த பிறகுதான் லோடு இறக்குவார்கள். மூட்டை சுமக்கிறவர், பார்சல் லாரிக்காரர், ரயில் இறங்கி லாட்ஜ் தேடுகிறவர், என்னை மாதிரி கணக்கை மூடிவிட்டு வருகிறவர் என எல்லோருக்கும் ஒன்பது மணிக்கு மேல்தான் பசிக்கும். சூடாக வேண்டும், சீக்கிரம் வேண்டும், கையைக் கடிக்கக் கூடாது. தென்கரை இரவுச் சமையல் இந்த மூன்றையும் வைத்து உருவானது.

வடகரையில் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பெரியாஸ்பத்திரி, அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி. பகலில் ஆள் நடமாடும் இடங்கள். அதனால் அங்கே மதியச் சாப்பாடு தழைத்தது. தல்லாகுளத்தில் அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று வரிசையாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அயிரை மீன் குழம்பு, நண்டு ஆம்லெட், எலும்பு ரோஸ்ட் எல்லாம் சோற்றோடு, வாழையிலையில், உட்கார்ந்து சாப்பிடும் பதார்த்தங்கள். வெளியூர் நண்பர்கள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் போட்டு ‘அம்மா மெஸ் போகலாமா?’ என்று கேட்பார்கள். மத்தியானம் வாருங்கள் என்பேன். அயிரை மீன் குழம்பைச் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட வேண்டும். அதற்கான நேரம் ஒன்றரை மணி.

இனி ஒவ்வொன்றாக.

இட்லி

இதில் யோசிக்கவே வேண்டாம், தென்கரைதான். முருகன் இட்லி கடை மதுரையில் தொடங்கிச் சென்னை, சிங்கப்பூர் வரை போயிருக்கிறது. அது பெருமைதான். ஆனால் நான் சொல்வது மாசி வீதிகளின் மூலைகளில் இருட்டியதும் முளைக்கும் தள்ளுவண்டி இட்லி. வண்டியின் ஒரு பக்கம் கொப்பரை, மறுபக்கம் தூக்குவாளிகளில் சட்னி. ஈடு இறங்கும் நேரம் தெரிந்து போக வேண்டும். ஈரத்துணியோடு தட்டைக் கவிழ்த்து, துணிமேல் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். ஆவி அடங்குவதற்குள் இலையில் நாலு விழும். தேங்காய், தக்காளி, மல்லி, கடைசியில் காரச் சட்னி. கேட்காமலே எல்லாவற்றையும் ஊற்றுவார்கள். நான் வழக்கமாக நிற்கும் வண்டியில் ஒரு அக்கா இருக்கிறார். நான் வண்டியை நிறுத்தும்போதே, “தம்பி, ரெண்டு நிமிசம் பொறுங்க. இது ஆறிப்போச்சு, அடுத்த ஈடு தாரேன்” என்பார். ஆறியதை விற்றால் அவருக்குத்தான் லாபம், அப்படியும் நிறுத்தி வைப்பார். வடகரையில் இட்லி கிடைக்காமல் இல்லை. ஆனால் மேசைக்கு வருவதற்குள் அந்தச் சூடு போய்விடுகிறது. மதுரை இட்லியில் பாதி ருசி அந்தச் சூட்டில் இருக்கிறது.

ஒரே விலக்கு, பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைகள். உள்ளே ஆள் படுத்திருக்க, வெளியே விழித்திருக்கும் சொந்தக்காரர்களுக்காகவே அவை நேரம் கெட்ட நேரத்திலும் நடக்கின்றன. என் அப்பா அங்கே பதினோரு நாள் இருந்தபோது, ராத்திரி இட்லியும் பிளாஸ்க்கில் பாலும் கொடுத்தவர் ஒரு டீக்கடை அண்ணன். ருசியை எடை போடத் தோன்றாத சாப்பாடு அது.

பரோட்டா

இங்கே போட்டி உண்மையாகவே கடுமை. வடகரையின் பேர் சொல்வது பன் பரோட்டா. ஆவின் சந்திப்புப் பக்கம் அதற்குக் கூட்டம் எப்போதும் இருக்கும். சின்ன வட்டமாக, உயரமாக, பன் மாதிரி உப்பி வரும். வெளியே மொறுமொறுப்பு, பிய்த்தால் உள்ளே பஞ்சு. மட்டன் சுக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சாப்பிட வேண்டும். தென்கரைப் பரோட்டா கொஞ்சம் தட்டையானது. கல்லில் முறுகவிட்டு, நாலைந்தை அடுக்கி ரெண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கி, இலையில் போட்டுச் சால்னாவில் மூழ்கடிப்பார்கள். சால்னா இறங்க இறங்க அடிப் பரோட்டா குழைந்து, மேலது மொறுமொறுப்பாகவே இருக்கும். அந்த இடைவெளியில் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

சால்னாவுக்காக மட்டும் பார்த்தால் தென்கரை. பரோட்டா மட்டும் போதும் என்றால் பன் பரோட்டாவுக்கு என் ஓட்டு. இதைக் கடையில் சொன்னபோது, கூட வேலை பார்க்கும் கீழவாசல்காரர் ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கறி தோசை

இது சிம்மக்கல் சொத்து. கோனார் மெஸ் பேர் எடுத்த பண்டம். பாலத்தில் ஏறுவதற்கு முன் கடைசி வாய்ப்பு என்பதால் வாரத்தில் ஒருநாளாவது வண்டி தானாக நிற்கும். கல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாவைத் தடிமனாக, ஊத்தப்பம் அளவுக்கு ஊற்றுகிறார்கள். அது பாதி வேகும்போது மேலே முட்டை. முட்டை உறைவதற்குள் முன்பே வெந்த கொத்துக்கறி, மசாலாவோடு. சுற்றிலும் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டால், கறி நேரடியாகக் கல்லில் படும். அந்தச் ‘சொர்ர்’ சத்தத்தோடு மிளகும் கறியும் சேர்ந்து ஒரு மணம் கிளம்பும். ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், ஆசைப்பட்டு ரெண்டு சொல்ல வேண்டாம். வடகரையிலும் பல கடைகளில் கறி தோசை உண்டு. பெரும்பாலும் தோசை மெலிந்து, கறி தூவலாகிவிடுகிறது. அடியில் தடிமன் இல்லாவிட்டால் கறியின் சாறு தங்க இடமில்லை.

குளிர்ச்சி, இனிப்பு, காபி

ஜிகர்தண்டா தென்கரை. விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் நடக்கும் கடையை எல்லோருக்கும் தெரியும். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், பாதாம் பிசின், மேலே பாசந்தி ஐஸ்கிரீம். இப்போது ஊர் முழுக்க, வடகரையிலும் தெருவுக்குத் தெரு ஜிகர்தண்டா பலகை. பால் சுண்டாமல் சர்க்கரையைக் கூட்டினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். பால் வெள்ளையாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள், சந்தன நிறத்துக்கு வந்திருக்க வேண்டும்.

ஜிகர்தண்டாவின் புகழில் பாதி பருத்திப்பாலுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சி, தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். மார்கழிப் பனியில் ஒரு டம்ளர் குடித்தால் தொண்டையிலிருந்து வயிறு வரை சூடு இறங்குவது தெரியும். மாசி வீதி வண்டிகளில்தான் அதன் பக்குவம். மஹால் சுற்றிச் சாயங்காலம் கிடைக்கும் முள்ளுமுருங்கை வடையும் அப்படித்தான். ராத்திரி பத்துக்குத் தேடினால் கிடைக்காது என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

காபிக்கு மட்டும் பாலம் தாண்டுவேன். விசாலம் காபி ஒன்றே வடகரைக்குப் போதும்.

குடும்பத்தோடு போனால்

இங்கே தென்கரை தோற்கிறது, மனசறிந்து சொல்கிறேன். கல்யாணமான புதிதில் என் மனைவியை ஆசையாக மாசி வீதிக்கு இட்லி சாப்பிடக் கூட்டிப் போனேன். நாலு இட்லி சாப்பிட்டு முடித்தவர், “ருசி எல்லாம் சரிங்க. ஆனா உக்கார இடமில்ல, கை கழுவ இடமில்ல, அவசரத்துக்கு ஒதுங்க இடமில்ல. பொம்பளைங்க எப்படிங்க வர்றது?” என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. பத்து மணிக்கு மேல் அந்த வீதிகளில் சாப்பிடும் கூட்டத்தில் பெண்களை எண்ணிவிடலாம். டவுன் ஹால் ரோட்டில் காலேஜ் ஹவுஸ் மாதிரி உட்கார்ந்து சாப்பிடும் சைவக் கடைகள் உண்டு. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி விடுதிகளின் மொட்டைமாடியில் கோபுரத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம், வெளியூர்க்காரர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் தெருச் சாப்பாட்டின் ருசி அங்கே வராது.

கே.கே. நகர், எண்பதடி ரோடு, அண்ணாநகர் பக்கம் நிலைமை வேறு. வண்டி நிறுத்த இடம், ஏசி அறை, குழந்தைக்கு நாற்காலி எல்லாம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் ஷவர்மாவும் அரபு மந்திச் சோறும் ஐஸ்கிரீமுமாக அங்கேதான் திரிகிறார்கள். அக்கா, தங்கை, அம்மா என்று யாராவது கூட வந்தால் நான் யோசிக்காமல் பாலம் தாண்டிவிடுவேன்.

குடிக்க

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை, வெளியே உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கும் ஊர் இல்லை. டாஸ்மாக் கடைகள் 2016 முதல் மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகின்றன. அதனால் ரெண்டு கரையிலும் பத்து முதல் பத்தே முக்கால் வரை பரோட்டாக் கடைகளில் ஒரு கூட்டம் மொத்தமாக வந்து விழும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த முக்கால் மணி நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. பெரியார் பேருந்து நிலையம், ஸ்டேஷன் பக்கம் இருக்கும் பார்கள் நெரிசல். வடகரை ஹோட்டல் பார்கள் அமைதி, விலை அதிகம். நண்பர்களோடு ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் ரெண்டு கரையையும் விட்டுப் பசுமலை ஏறுவது மேல். மலைமேலிருக்கும் கேட்வே விடுதியிலிருந்து ஊர் முழுக்க விளக்காகத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை, யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால், போவதுண்டு.

பதினோரு மணி

இதைப் பேசாமல் ஒப்பீடு முடியாது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணை போட்டது, 2022-ல் அதை மேலும் மூன்று வருஷம் நீட்டித்தது. கேட்டபோது சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. பத்து பேர் வேலை பார்க்கும் கடை என்றால் பெரிய உணவகம். அண்ணன், தம்பி, அண்ணி மூன்று பேர் நடத்தும் தள்ளுவண்டி அந்தக் கணக்கிலேயே வராது. தூங்கா நகரம் என்ற பேரை இந்த ஊருக்கு வாங்கிக்கொடுத்தது அந்த வண்டிகள். அவர்களுக்குத்தான் பதினோரு மணிக்கு விசில் ஊதுகிறது. அடுப்பில் கடைசி ஈடு வெந்துகொண்டிருக்கும்போது ‘எடு, எடு’ என்று சத்தம் கேட்டு, அக்கா கொப்பரையைத் துணி சுற்றித் தூக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நானும் இன்னொருவரும் கொப்பரையின் அடியைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். சுட்டது. அந்த இட்லி யாருக்கும் போய்ச் சேரவில்லை.

பதினொன்றரைக்கு மேல் என்றால் மாட்டுத்தாவணிதான். பேருந்து நிலையம், பக்கத்திலேயே பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட். விடிய விடிய ஆள் இருப்பதால் டீயும் ஏதாவது ஒரு டிபனும் கிடைக்கும். கணக்குக்கு அது வடகரைதான். ஆனால் அங்கே இருப்பது தென்கரையின் பசி. மண்டி இடம் மாறினால் பசியும் கூடவே போய்விடுகிறது.

வருஷத்தில் ஓர் இரவு மட்டும் எல்லாம் தலைகீழ். சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவை அன்று அழகர் தல்லாகுளம் வந்துவிட்டால் வடகரை முழுக்கத் தூங்காது. புளியோதரையும் தயிர்சாதமும் நீர்மோரும் கைக்குக் கை வந்துகொண்டே இருக்கும், யாரும் காசு கேட்க மாட்டார்கள். என் மனைவி, மாமியார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் ரோட்டோரமாக உட்கார்ந்து விடியும்வரை சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மதுரையில் உங்களுக்கு ஓர் இரவுதான் இருக்கிறது, ஆண்களாக ரெண்டு மூன்று பேர் என்றால், ஒன்பது மணிக்கு விளக்குத்தூணில் ஜிகர்தண்டாவில் ஆரம்பியுங்கள். நடந்தே மாசி வீதிக்கு வந்து ஆளுக்கு நாலு இட்லி, பிறகு சிம்மக்கல்லில் ரெண்டு பேருக்கு ஒரு கறி தோசை. குடும்பமாக வந்தால் வடகரையில் உட்கார்ந்து பன் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ஒருவர் மட்டும் பாலம் தாண்டிப் போய்ப் பருத்திப்பால் வாங்கி வாருங்கள். தூக்குவாளி கொண்டு போவது நல்லது. கவரில் வாங்கினால் ரெட்டை முடிச்சுப் போடச் சொல்லுங்கள், கோரிப்பாளையம் மேடு பள்ளத்தில் ஒற்றை முடிச்சு தாங்காது.