எப்போதும் 98 காட்டிய கருவி

கணக்குத் தணிக்கை என் தொழில். ரசீதில் தேதி ஒருநாள் முன்பின்னாக இருந்தாலும் என் கண் அங்கே போய் நிற்கும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் 2021-இல், கொரோனா உச்சத்தில் இருந்த வாரங்களில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் என்ற பெயரில் ஒரு போலிக் கருவியைப் பணம் கொடுத்து வாங்கி என் அப்பாவின் விரலில் மாட்டினேன். அவர் உயிர் பிழைத்தது அந்தக் கருவியால் அல்ல. அது வீட்டில் இருந்தும் பிழைத்தார் என்பதே உண்மை. இதை இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம். இப்போது வேறொரு காய்ச்சல் குறித்து அதே தொனியில் குரல் பதிவுகள் சுற்றத் தொடங்கியிருப்பதால் வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கருவியை விற்ற ஆள் எடுத்தவுடன் என்னிடம் வந்து எதையும் விற்கவில்லை. இரண்டு வாரம் எதுவுமே விற்கவில்லை. அக்காள் கணவருக்குத் தெரிந்தவர் என்ற பெயரில் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்தார். தன்னை மருத்துவத் தன்னார்வலர் என்று சொல்லிக்கொண்டார். காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று குரல் பதிவுகளை அனுப்புவார். ஒரு பெரிய மருத்துவமனையின் டாக்டர் பேசுவதாக ஒன்று வரும். பின்னணியில் இருமல் சத்தம், நடுவில் தழுதழுப்பு. ‘உள்ளே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை, உண்மையை மறைக்கிறார்கள், இதை அழிப்பதற்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று முடியும். அதைக் கேட்டுவிட்டு நானும் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அந்தப் பதிவுகள் எதிலும் தேதி இருந்ததில்லை. பேசியவரின் பெயர் இல்லை, மருத்துவமனையின் பெயர் இல்லை. இவை மூன்றும் இல்லாத ஒரு காகிதம் என் மேசைக்கு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் பயந்தவனுக்கு அந்தப் புத்தி வேலை செய்வதில்லை. பெயரைச் சொன்னால் அந்த டாக்டருக்கு ஆபத்து வருமே என்று, கேட்காமலேயே நானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். ஏமாற்றுபவன் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நானே செய்து கொடுத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ் 2020 பிப்ரவரியில், நாம் கொள்ளைநோயோடு மட்டுமல்ல, அதைப் பற்றிய பொய்த்தகவலின் பெருக்கோடும் போராடிக்கொண்டிருக்கிறோம் என்று பேசினார் அல்லவா? அந்தச் செய்தியை அதே குழுவில் பெருமையாகப் பகிர்ந்தவன் நான். பொய்த்தகவல் என்றால் 5ஜி கோபுரத்தால் நோய் பரவுகிறது என்று நம்பி அதற்குத் தீ வைப்பவர்களின் விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம்தான் சரக்கு வந்தது. ‘வீட்டுப் பாதுகாப்புத் தொகுப்பு. நமக்குத் தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும். இன்று இரவு வரைதான் கையிருப்பு.’ ஆக்சிமீட்டர் ஒன்று, என்95 முகக்கவசம் இருபது, கழுத்தில் தொங்கவிடும் கிருமி விரட்டும் அட்டை நான்கு, ‘ஆக்சிஜன் சொட்டு’ என்ற பெயரில் இரண்டு சிறு புட்டிகள். கடைகளில் ஆக்சிமீட்டர் கிடைக்காத நேரம் அது. விலை வழக்கத்தைவிடப் பல மடங்கு. பணத்தைத் தனிநபர் கணக்கு ஒன்றுக்கு அனுப்பச் சொன்னார். ரசீது கேட்டேன். ‘உயிர் போகிற நேரத்தில் ரசீதா?’ என்று பதில் வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அனுப்பிவிட்டேன்.

தொகுப்போடு தங்க முத்திரை போட்ட ஒரு சான்றிதழும் வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பதிவு செய்யப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. பிறகு தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்த நிறுவனம் மருத்துவக் கருவிகளுக்குப் பதிவுச் சான்றிதழ் எதையும் கொடுப்பதே இல்லை. ஒரு தயாரிப்பாளர் அங்கே பெயரைப் பதிவு செய்துகொள்வது வேறு, அவருடைய கருவியைச் சோதித்து ஏற்பது வேறு. முகக்கவசத்தின் கதையும் இதுதான். அமெரிக்க அங்கீகாரம் பெற்ற என்95 கவசத்தில் அங்கீகாரம் கொடுத்த நியாஷ் (NIOSH) அமைப்பின் பெயரும், டிசி (TC) என்று தொடங்கும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பட்டை தலையைச் சுற்றிப் போக வேண்டும். எனக்கு வந்ததில் எண்ணே இல்லை. காதில் மாட்டும் வளையம் இருந்தது. நியாஷ் என்பதில் ஓர் எழுத்து தவறியிருந்தது. எழுத்துப்பிழையைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் இருபது கவசத்திலும் அதைப் பார்க்கவில்லை.

அட்டையை அப்பா கழுத்தில் போட்டுக்கொண்டார். பத்தாவது நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது வயது 71.

அந்தச் சொட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இன்னும் வெவ்வேறு பெயர்களில் விற்பனையாகிறது. இரண்டு புட்டியிலிருந்தும் சொட்டுகளை எடுத்துக் கலந்தால் மஞ்சளாகும், அதைத் தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒன்றில் இருப்பது சோடியம் குளோரைட், மற்றதில் அமிலம். கலந்தால் உண்டாவது குளோரின் டையாக்சைடு. காகிதக்கூழை வெளுக்கப் பயன்படும் பொருள். குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் மிகச் சிறிய அளவில் சேர்ப்பார்கள். அதைச் சாக்காக வைத்துத்தான் மருந்து என்று விற்கிறார்கள். இதைக் குடிக்காதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லேயே எச்சரித்தது, 2019-இல் மறுபடியும் எச்சரித்தது. கொரோனா வருவதற்கு முன்பே வேறு நோய்களின் பெயரில் விற்ற சரக்கு இது. நோய் மாறியதும் பெயர்ச்சீட்டை மாற்றிக்கொண்டார்கள்.

அப்பா இரண்டு வேளை குடித்தார். இரண்டு வேளையும் வாந்தி. குழுவில் கேட்டேன். ‘நல்ல அறிகுறி, கிருமி வெளியேறுகிறது, அளவைக் கூட்டுங்கள்’ என்று பதில் வந்தது. இந்தப் பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. குடித்துச் சும்மா இருந்தால் மருந்து வேலை செய்கிறது, வாந்தி எடுத்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எப்படி விழுந்தாலும் அவர் பக்கமே விழும் பகடை. மூன்றாம் வேளைக்குக் கலக்கும்போது அம்மா வந்து கோப்பையை முகர்ந்து பார்த்தார். ‘கழிவறை கழுவும் திரவம் மாதிரி நாறுகிறது, இதையா குடிக்கக் கொடுக்கிறாய்?’ என்று கேட்டுவிட்டுத் தொட்டியில் கொட்டினார். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். 2014-இல் எபோலா பரவியபோது உப்புநீர் குடித்தால் தப்பிக்கலாம் என்ற வதந்தியை நம்பி நைஜீரியாவில் உயிரை விட்டவர்கள் உண்டு. 2020-இல் ஈரானில் சாராயம் கொரோனாவைத் தடுக்கும் என்று நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் யாரும் என்னைவிட முட்டாள்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எங்களை உண்மையில் கவிழ்த்தது ஆக்சிமீட்டர்தான்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவின் விரலில் மாட்டிக் குறித்துக்கொண்டே வந்தேன். 98, 97, 98, 98. நோட்டில் கோடு போட்டு, பத்தி பிரித்து, அழகாக எழுதிவைத்தேன். காய்ச்சலின் ஆறாம் நாள் அவர் சோர்ந்து படுத்துவிட்டார். சாப்பிடவில்லை, பேச்சு குறைந்தது. உதடு ஒரு மாதிரி மங்கியிருந்தது. கருவி 98 என்றது. மூச்சை 10 விநாடி அடக்க முடிந்தால் நுரையீரலில் பிரச்சினை இல்லை என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் சுற்றிய சோதனையையும் செய்யச் சொன்னேன். அடக்கினார். அது எங்களுடையது அல்ல என்று அந்தப் பல்கலைக்கழகம் முந்தைய ஆண்டே மறுத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று இருந்துவிட்டோம். இரண்டு வாரம் கேட்ட குரல்களும் ‘போகாதே’ என்றுதானே சொல்லியிருந்தன.

ஏழாம் நாள் காலை, தங்கையின் தோழி ஒருவர், இளம் டாக்டர், தொலைபேசியில் கிடைத்தார். கருவி 98 காட்டுகிறது என்று பெருமையாகத் தொடங்கினேன். ‘சார், அதைக் கீழே வையுங்கள். சட்டையைத் தளர்த்திவிட்டு, அவர் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அவரிடம் சொல்லாமல் எண்ணுங்கள்’ என்றார். எண்ணினேன். 34. பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. 30-ஐத் தாண்டினால் கடுமையான நிலை என்றார். ‘இப்போதே கிளம்புங்கள்’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

மருத்துவமனை வாசலில் ஒரு செவிலியர் தன் கருவியை அப்பாவின் விரலில் வைத்தார். 84. எங்கள் கருவியை அடுத்த விரலில் மாட்டிக் காட்டினேன். 98. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூச்சுத் திணறுவதாக அப்பா ஒருமுறைகூடச் சொல்லவில்லையே என்று கேட்டேன். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டாம். திணறல் உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது ஆக்சிஜன் குறைவதல்ல, கரியமில வாயு தேங்குவது. அது வெளியேறிக்கொண்டே இருந்தால் ஆக்சிஜன் சரிவது நோயாளிக்கே தெரியாமல் போகலாம். அதனால்தான் ஆக்சிமீட்டர் அவ்வளவு முக்கியமாயிற்று. அதனால்தான் அதில் போலி செய்வது அவ்வளவு பெரிய பாவம்.

அப்பாவுக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள், டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார்கள். பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மிக மலிவான மருந்து. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் இறப்பை அது குறைக்கிறது என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே இதையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குழுவில் வந்த நூற்றுக்கணக்கான செய்திகளில் இந்த மருந்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மலிவான மருந்தைப் பற்றிச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

19 நாள் கழித்து அப்பா வீடு திரும்பினார். அன்றிரவு அந்தக் கருவியோடு உட்கார்ந்தேன். மூன்று மாடி ஓடி ஏறிவிட்டு விரலை நுழைத்தேன். ஆக்சிஜன் 98, நாடித்துடிப்பு 74. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால் 120-க்கு மேல். விரலை எடுத்து மறுபடி நுழைத்தேன். 97, 75. உள்ளே ஏதோ ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் எண்கள் கொஞ்சம் ஆடின, அவ்வளவுதான். உண்மையான கருவி, சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என இரண்டை விரலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி கண்டுபிடித்த வழி அது. என்னிடம் இருந்தது ஒரு பொம்மை.

ஆகவே வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் அதில் நாடித்துடிப்பு எண்ணை முதலில் பாருங்கள். மணிக்கட்டில் நீங்களே ஒரு நிமிடம் எண்ணி ஒப்பிடுங்கள். மாடி ஏறி இறங்கியும் அந்த எண் அசையாவிட்டால் தூக்கிப் போடுங்கள். பென்சிலை நுழைத்தால் எண் காட்டுவது போலி என்று ஒரு காணொளி சுற்றியது. அதை மட்டும் நம்ப வேண்டாம், கை ஆடினால் நல்ல கருவியும் பென்சிலுக்கு எண் காட்டிவிடக்கூடும். நல்ல கருவிக்கும் குறைகள் உண்டு. விரல் குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால் தவறும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று 2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருந்தது. நம்மில் பலருக்கு அது பொருந்தும். ஆளைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள், எண் எதைச் சொன்னாலும் ஆள் சரியில்லை என்றால் கிளம்புங்கள்.

விற்றவருக்கு நடந்ததையெல்லாம் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கோபமே இல்லாமல் பதில் எழுதினார்: ‘அப்பா குணமாகிவிட்டார் அல்லவா? கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்.’ மறுநாள் அந்த எண் இல்லை. வங்கியில் சொன்னேன், காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன். பணம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொரு குழுவிலிருந்து ஒரு விளம்பரம் எனக்கே வந்து சேர்ந்தது. ‘ஆபத்தான நிலையிலிருந்த 71 வயதுப் பெரியவர் எங்கள் தொகுப்பைப் பயன்படுத்தி முழுக் குணமடைந்தார்.’ பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் தொகுப்பு வந்த அன்று நான் நன்றி சொல்லி அனுப்பிய படத்தின் ஓரம் அதில் இருந்தது. எங்கள் வீட்டு மேசை விரிப்பு எனக்குத் தெரியாதா?

பெரும்பாலானவர்கள் தானாகவே பிழைத்துவிடும் ஒரு நோயில் எதை விற்றாலும் இப்படிச் சாட்சி கிடைத்துக்கொண்டே இருக்கும். பிழைக்காதவர்கள் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

அதற்குப் பிறகுதான் என் பழைய செய்திகளைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் குரல் பதிவை நான் மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருந்தேன். தொகுப்பை வாங்கச் சொல்லி 11 பேருக்குத் தனித்தனியாக எழுதியிருந்தேன். ஒவ்வொருவராக அழைத்தேன். நான்கு பேர் வாங்கவில்லை. இருவர் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். ஒருவர் என்னைத் திட்டினார், அது நியாயம். மூவர் பேச்சை மாற்றினார்கள். கடைசியாகச் சித்தியை அழைத்தேன். அந்தக் கருவியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

‘நீ சொல்லித்தானே வாங்கினோம்? அதெல்லாம் நல்ல கருவி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் 98தான் காட்டுகிறது.’