ஹார்லெமின் வாட்ச் கடை வீடு: கோரி டென் பூம் அருங்காட்சியகம் எப்படி?

ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் திண்டாடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே ஆன்லைனில் மட்டும்தான் டிக்கெட். ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கு இன்றே விற்பார்கள், நல்ல நேரமெல்லாம் சட்டென்று தீர்ந்துவிடும். ஏமாந்தவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லும் யோசனை, "பக்கத்தில் ஹார்லெமில் கோரி டென் பூம் வீடு இருக்கிறதே, அங்கே போங்கள்" என்பது. யோசனை நல்லதுதான். ஆனால் ஆன் ஃபிராங்க் இல்லத்தில் ஒளிந்திருந்தவர்களின் வாழ்க்கையைப் பார்க்கிறோம். ஹார்லெமில் பார்ப்பது, இரண்டாம் உலகப் போரில் நாஜிக்களிடமிருந்து யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்த கோரி டென் பூம் குடும்பத்தின் வேலையை. போர்க்காலத்தில் சாதாரண மனிதர்கள் காட்டிய துணிச்சல் நடைமுறையில் எப்படி இருந்தது, எத்தனை பலகை, எத்தனை செங்கல், எத்தனை பொய் அதற்குத் தேவைப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இதை முதல் தேர்வாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஹார்லெமுக்கு இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. முகவரி பார்டெல்யோரிஸ்ட்ராட் 19, குரோட்டே மார்க்ட் சதுக்கத்துக்குப் போகும் கடைத்தெரு. தெருவைப் பார்த்திருப்பது கடை. அருங்காட்சியகத்தின் வாசல் பக்கத்துச் சந்தில் இருக்கிறது, முகப்பிலேயே நின்று கதவைத் தேட வேண்டாம். நுழைவு இலவசம், விருப்பமுள்ளவர்கள் நன்கொடை போடலாம். உள்ளே தனியாகச் சுற்ற முடியாது. வழிகாட்டியோடு, சிறு குழுவாக, ஏறக்குறைய ஒரு மணி நேரம். டச்சிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. ஞாயிறும் திங்களும் விடுமுறை. இலவசம்தானே என்று நேரே போய் நின்றால் திரும்பி வர வேண்டியிருக்கும். அறைகள் அவ்வளவு சிறியவை, அதனால் குழுவும் சிறியது, ஆங்கிலச் சுற்றுகள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுப் போவதே சரி.

டென் பூம் குடும்பத்தின் வாட்ச் கடை 1837-இல் தொடங்கியது. போர் வந்தபோது கடையை நடத்தியவர் காஸ்பர், எண்பதைத் தாண்டிய முதியவர். மூத்த மகள் பெட்சி வீட்டைப் பார்த்துக்கொண்டார். இளைய மகள் கோரி 1922-இல் நெதர்லாந்தில் வாட்ச் பழுதுபார்ப்பவராக உரிமம் பெற்ற முதல் பெண். ஜெர்மானியர்கள் 1940 மே மாதம் நாட்டைப் பிடித்தார்கள். நெதர்லாந்தில் அப்போது சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். போர் முடிவதற்குள் அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் வேறு எங்கும் விகிதம் இவ்வளவு மோசமாக இல்லை. கடைத்தெரு நடுவில், ஆள் நடமாட்டம் ஓயாத இடத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய கோரி தலைமறைவு மையம் நடத்தினார் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆள் நடமாட்டமே அவர்களுக்குப் போர்வையாகவும் இருந்தது. ரிப்பேருக்கு வாட்ச் கொண்டுவருகிறவர்களோடு வேறு யாரும் வந்து போகலாம் அல்லவா?

சுற்றின் முதல் பாதி முழுக்க வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்பது. வழிகாட்டிகள் நன்றாகப் பேசுகிறார்கள், குடும்பத்தின் கதையை மனதில் பதியும்படி சொல்கிறார்கள். ஆனால் பொருட்களைப் பார்க்க வந்தவர்களுக்கு இந்தப் பகுதி நீளமாகத் தோன்றும். வீட்டின் அருமை மாடியில் இருக்கிறது.

மேல்மாடியில் கோரியின் படுக்கையறை. ஒளிவிடத்துக்கு அந்த அறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டின் உச்சியில் இருப்பதால் சோதனைக்காரர்கள் ஏறி வருவதற்குள் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அறையின் பின்சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடம் ஏறத்தாழ இரண்டரை அடி அகலம், அதுதான் ஒளிவிடம். பொய்ச்சுவரை மரப்பலகையில் அடித்திருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் என்று சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் செங்கல். செங்கல்லையும் கருவிகளையும் கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரக்கூடிய பொருட்களுக்குள், கடிகாரப் பெட்டியிலும் சுருட்டிய செய்தித்தாளிலும், மறைத்துக் கொண்டுவந்தார்கள். கட்டி முடித்தபின் புதுப் பூச்சு தெரியாதபடி அறையின் பழைய கறைக்கு ஏற்றாற்போல வண்ணம் பூசினார்கள். சுவரைவிடக் கஷ்டமான வேலை அதுதான். புதுச் சுவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தால் செங்கல் போட்டதற்குப் பலனே இல்லை.

நுழைவழி சுவரில் இல்லை. சுவரை ஒட்டிய துணி அலமாரியின் கடைசித் தட்டுக்குக் கீழே, பின்பலகையில் ஒரு பகுதி மேலே நகரும். திறக்கும் இடம் ஏறத்தாழ இரண்டடி சதுரம். தவழ்ந்துதான் போக முடியும், உள்ளே போனவர் பலகையை இறக்கிவிட வேண்டும், பிறகு தட்டில் துணி அடுக்கியிருந்தால் அலமாரி அலமாரியாகவே தெரியும். காற்றுக்காக வெளிச்சுவரில் ஒரு துளை. உள்ளே எப்போதும் இருக்க வேண்டியவை தண்ணீர், கெட்டுப்போகாத கடினமான பிஸ்கட், வைட்டமின், கழிப்பதற்கு ஒரு வாளி. தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். பார்வையாளர்களுக்காகப் பொய்ச்சுவரில் ஒரு பகுதியை உடைத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள், உள்ளளவு கண்ணாலேயே புரியும். அந்த இடத்தில் ஆறு பேர் நின்றதை நினைத்துக்கொண்டு அலமாரியின் கீழ்த்தட்டைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலான பார்வையாளர்கள் உடைத்த ஓட்டையைப் படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஒளிவிடம் இருந்தால் மட்டும் போதாது, ஆட்கள் அதற்குள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் ஒரு மின்மணியும், அதை அடிக்கக் கீழே பல இடங்களில் பொத்தான்களும் வைத்தார்கள். நள்ளிரவிலும் சாப்பாட்டு வேளையிலும் ஒத்திகை. ஒரு நிமிடம் என்பது இலக்கு, எழுபது விநாடி வரைக்கும் வந்தார்கள் என்று கோரி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். காட்டிக்கொடுப்பவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மேசையில் அதிகமாக இருக்கும் ஒரு தட்டு, யாரோ விட்டுவிட்டுப் போன தொப்பி, ஆஷ்ட்ரேயில் சாம்பல். படுக்கையில் உடல் சூடு இருந்தால் கைவைத்துப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்பதால் மெத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். தொலைபேசியில் பேசியதும் வாட்ச் மொழியில்தான். "ரிப்பேர் செய்ய முடியாத ஒரு பெண்கள் வாட்ச் இருக்கிறது, ஸ்பிரிங் கிடைக்கவில்லை" என்றால் ஒரு பெண்ணுக்கு இடம் தேடுகிறார்கள் என்று பொருள். ஒட்டுக்கேட்கிறவனுக்கு அது வியாபாரப் பேச்சு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி சாப்பாடு. ரேஷன் கார்டு இல்லாமல் எதையும் வாங்க முடியாது, தலைமறைவானவருக்குக் கார்டு கிடையாது. ஒளித்துவைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு வேண்டும். உணவு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் கோரி கேட்கப் போனதையும், எத்தனை என்ற கேள்விக்கு ஐந்து என்று சொல்ல வந்த வாயில் நூறு என்று வந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த ஊழியர் நண்பர் ஒருவரை விட்டுத் தன் முகத்தில் அடிக்கச் சொல்லி, அலுவலகத்தில் கொள்ளை நடந்ததாகக் காட்டிக் கார்டுகளைக் கொடுத்தார். வந்த கார்டுகள் மாடிப்படி ஒன்றின் அடியில் மறைவாக இருந்தன. படிக்கட்டைக் கடக்கும்போது வழிகாட்டி சொல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் 1944 பிப்ரவரி 28 அன்று வீடு பிடிபட்டது. ஏற்பாட்டில் ஓட்டை எங்கே இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மனைவியை விடுவிக்கப் பணம் வேண்டும் என்று சொல்லி உதவி கேட்டு வந்த ஒருவன் காட்டிக்கொடுத்தான். உதவி கேட்டு வருகிறவரை உள்ளே விடாமல் இருக்க முடியாது என்பது இந்த மாதிரி வீடுகளின் அடிப்படைப் பலவீனம், எந்தச் செங்கல் சுவரும் அதற்கு மருந்தில்லை. இரண்டாவது ஓட்டை அடையாளச் சின்னம். ஜன்னலில் இருந்த அல்பினா கடிகார விளம்பரப் பலகை நின்றால் உள்ளே ஆபத்தில்லை, இல்லையென்றால் வராதே என்று ஏற்பாடு. சோதனையின்போது பெட்சி அதைத் தள்ளிவிட்டார். அது சைகை என்று புரிந்துகொண்ட அதிகாரி, பலகையைப் பழையபடி ஜன்னலில் வைத்துவிட்டான். அன்று அதை நம்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். ஏறக்குறைய முப்பது பேர்.

தோற்காதது சுவர் மட்டும்தான். நான்கு யூதர்களும், ஜெர்மானியர்களை ரகசியமாக எதிர்த்துவந்த எதிர்ப்பியக்கத்தினர் இருவரும் அதற்குப் பின்னால் 47 மணி நேரம் நின்றார்கள். வீட்டில் காவல் போட்டுப் பட்டினியாலேயே வெளியே வரவைக்கலாம் என்பது நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் கணக்கு. ஆனால் காவலுக்கு வந்த டச்சுப் போலீசாரில் எதிர்ப்பியக்கத்தோடு தொடர்புள்ளவர்கள் இருந்தார்கள், அவர்களே ஆறு பேரையும் வெளியே எடுத்தார்கள். நால்வரில் மூன்று யூதர்கள் போரைத் தாண்டி உயிர் பிழைத்தார்கள். காஸ்பர் கைதான பத்து நாளில் இறந்தார். பெட்சி அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் வதைமுகாமில் இறந்தார். அதே முகாமில் இருந்த கோரி அந்த மாத இறுதியில் விடுதலையானார்.

குறை என்று சொன்னால், சொல்லும் முறையில்தான். இது ஒரு கிறிஸ்தவ அருங்காட்சியகம். குடும்பத்தின் விசுவாசமும் மன்னிப்பும் சுற்றின் மையம், சில வழிகாட்டிகள் முடிவில் பிரசங்கத் தொனிக்குப் போய்விடுவார்கள். கோரியின் பெயர் ஏற்கெனவே தெரிந்த கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அது நிறைவாகவே இருக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. சுவர் கட்டியவர், கார்டு கொடுத்த குமாஸ்தா, ஆறு பேரை வெளியே எடுத்த போலீஸ்காரர்கள், இவர்கள் எல்லாம் குடும்பக் கதையில் துணைப் பாத்திரங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். அந்தக் குமாஸ்தா முகத்தில் வாங்கிய அடிக்கு மாடியில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். வழிகாட்டியிடம் கேள்வி கேட்டால் தாராளமாகச் சொல்கிறார்கள் என்பது ஆறுதல்.

இந்த இடைவெளியை நிரப்ப ஆம்ஸ்டர்டாமில், பிளான்டாஜ் பகுதியில் உள்ள எதிர்ப்பியக்க அருங்காட்சியகம் உதவும். கள்ள அடையாள அட்டை, ரகசியப் பத்திரிகை, வேலைநிறுத்தம் என்று முழு வலைப்பின்னலும் அங்கே விரியும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் காலையில் ஹார்லெமை முடித்துவிடுங்கள், அங்கேதான் நேரம் குறித்த பதிவு.

படிக்கட்டு செங்குத்தானது, குறுகலானது, சுழன்று ஏறுவது. முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு பழைய வீடுகளை இணைத்தது என்பதால் தளங்களும் ஒரே மட்டத்தில் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒளிவிடம் எட்டாது, சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. பெரிய பையோடு ஏறினால் பின்னால் வருகிறவருக்கும் தொல்லை. ஏற முடியாதவர்களுக்காக அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்க்கும் வசதி இலவசமாக இருக்கிறது. ஏறப் போகிறவர்களும் முந்தைய நாளே அதில் படுக்கையறையை ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. நேரில் அந்த அலமாரியின் முன் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான்.